உயிர் காக்கும் மருத்துவ நூலகங்கள்

2001ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள். அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆஸ்துமா நோய் பற்றிய ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. எரிச்சலூட்டும் பொருள் உள்ளே சென்றாலும், நலமுள்ள மனிதரின் மூச்சுக்குழாய்கள் சுருங்கிவிடாமல் தம்மை எவ்வாறு காத்துக்கொள்கின்றன என்பதை அறிவதே அவ்வாய்வின் நோக்கம். இதற்காக ஹெக்ஸாமெத்தோனியம் என்னும் மருந்தைச் சிலருக்கு மூச்சின் வழியே செலுத்திப் பார்த்தனர். அதற்குத் தாமாக முன்வந்தவர்களுள் 24 வயதுப் பெண் ஒருவரும் இருந்தார். அப்பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்திலேயே பணியாற்றியவர். எந்த நோயும் இல்லாதவர்.

மருந்து உட்சென்ற மறுநாளே அவருக்கு இருமல் தொடங்கியது. மே 9ஆம் நாள் அவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவருடைய நுரையீரல்கள் படிப்படியாகச் செயலிழந்தன. உலகின் தலைசிறந்த மருத்துவமனைகளுள் ஒன்றின் எல்லா வசதிகளும் சூழ்ந்திருந்தும், ஜூன் 2ஆம் நாள் அவர் இறந்துபோனார். பிறருடைய நோய் தீர வழி பிறக்கட்டும் என்று முன்வந்த ஓர் இளம்பெண்ணின் வாழ்வு, ஒரு மாதத்திற்குள் முடிந்துவிட்டது.

பின்னர் நடந்த விசாரணையில் வெளிப்பட்ட செய்தி மருத்துவ உலகை உலுக்கியது. ஹெக்ஸாமெத்தோனியம் புதிய மருந்தன்று. 1950களில் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதற்காக மருத்துவர்கள் அதைப் பயன்படுத்தினர். அப்போதே, அம்மருந்து சிலருடைய நுரையீரலுக்குக் கேடு விளைவித்ததாக மருத்துவ இதழ்களில் கட்டுரைகள் வெளிவந்திருந்தன. நூலகங்களின் அடுக்குகளில் அக்கட்டுரைகள் அரை நூற்றாண்டுக் காலமாக இருந்துகொண்டேயிருந்தன.

ஆய்வாளர் தேடிப் பார்க்கவில்லையா என்று நீங்கள் வினவலாம். தேடினார். ஒரு பாடநூலைப் பார்த்தார். பப்மெட் என்னும் கணினித் தேடல் தளத்திலும் பார்த்தார். ஆனால் அன்றைய பப்மெட், 1966ஆம் ஆண்டு முதல் வெளிவந்த கட்டுரைகளை மட்டுமே காட்டியது. அதற்கு முற்பட்டவற்றை அறிய வேண்டுமானால், அச்சிட்ட பழைய அட்டவணைத் தொகுதிகளைப் புரட்ட வேண்டும். அல்லது அவற்றைப் புரட்டத் தெரிந்த நூலகரை அணுக வேண்டும். அது நடைபெறவில்லை. இறப்பிற்குப் பின்னர் மருத்துவ நூலகர்கள் தேடியபோது, அக்கட்டுரைகள் அகப்பட்டன.

இத்துயரத்திற்கு அந்த ஒரு குறைபாடு மட்டுமே காரணம் என்று கூறிவிட முடியாது. அப்பெண்ணுக்கு முன்னர் அதே மருந்தை முகர்ந்த ஒருவருக்கு இருமல் தோன்றியபோதே ஆய்வை நிறுத்தி ஆராய்ந்திருக்க வேண்டும். ஆய்வுக்கு அனுமதி வழங்கிய குழுவும் கூர்ந்து கேட்டிருக்க வேண்டும். இவற்றையெல்லாம் கருதியே, 2001 ஜூலை 19ஆம் நாள், கூட்டரசின் நிதியுதவியோடு அங்கே மனிதர்களைக் கொண்டு நடந்துவந்த ஆய்வுகளில் ஏறத்தாழ அனைத்தையும் அமெரிக்க அரசு நிறுத்தி வைத்தது. சில நாட்களில், நிபந்தனைகளோடு அவை மீண்டும் அனுமதிக்கப்பட்டன. எனினும், எவரும் மறுக்க முடியாத உண்மை ஒன்று எஞ்சி நின்றது: எச்சரிக்கை எழுதப்பட்டிருந்தது, அது தேவைப்பட்டவரின் கண்ணில் படவில்லை.

எழுதப்பட்ட அறிவை, அது தேவைப்படும் நேரத்தில், தேவைப்படுபவரின் கையில் சேர்ப்பதே மருத்துவ நூலகத்தின் பணி. அப்பணி எவ்வாறு வளர்ந்தது என்பதையும், அதிலிருந்து நம் இல்லங்கள் பெறத்தக்க பயன் யாது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

ஒரு மாணவரின் தவிப்பு

1860ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் ஒஹையோவில் மருத்துவம் பயின்ற ஜான் ஷா பில்லிங்ஸ் என்னும் மாணவர், கால்-கை வலிப்பு நோய்க்கு அறுவைச் சிகிச்சை பற்றி ஓர் ஆய்வேடு எழுத முற்பட்டார். அச்சிகிச்சை எத்தனை பேருக்குச் செய்யப்பட்டது, எத்தனை பேர் பிழைத்தனர் என்றறிய அவர் விரும்பினார். ஊர் ஊராக நூலகங்களைத் தேடினார். எந்தச் செய்தி எந்த நூலில் உள்ளது என்று சொல்லும் அட்டவணை எங்கும் இல்லை. வேண்டிய நூல்கள் முழுமையாக உள்ள ஒரு நூலகமும் நாட்டில் இல்லை. ஒரு சிறு வினாவுக்கு விடை காண ஏராளமான தொகுதிகளை ஒவ்வொன்றாகப் புரட்டும் துன்பத்தை அன்று அவர் அனுபவித்து அறிந்தார்.

அந்தத் தவிப்பு வீண்போகவில்லை. 1865ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவத் தலைமை மருத்துவரின் அலுவலகத்திலிருந்த சிறிய நூலகம் பில்லிங்ஸின் பொறுப்பில் வந்தது. அடுத்த முப்பது ஆண்டுகளில் அதை அவர் மாபெரும் மருத்துவக் கருவூலமாக்கினார். 1879இல் ‘இண்டெக்ஸ் மெடிக்கஸ்’ என்னும் திங்கள் அட்டவணையைத் தொடங்கினார். உலகெங்கும் வெளிவரும் மருத்துவக் கட்டுரைகளைப் பொருள் வாரியாகப் பிரித்துக் காட்டிய முதல் பெரும் முயற்சி அதுவே. அந்நூலகமே இன்று மேரிலாந்து மாநிலத்தின் பெதஸ்தா நகரில், அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் என்னும் பெயரில் விளங்குகிறது.

இதில் வியப்பான தொடர்பு ஒன்றுண்டு. 1889இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் கட்டட அமைப்பை வகுத்தளித்தவரும் இதே பில்லிங்ஸ்தான். 1929இல் அப்பல்கலைக்கழகத்தில் வெல்ச் மருத்துவ நூலகம் திறக்கப்பட்டது. அங்கு மருத்துவக் கல்வியை நிறுவியவர்களுள் ஒருவரான வில்லியம் வெல்ச் அவர்களின் பெயரைத் தாங்கியது அந்நூலகம். 1948 முதல் 1953 வரை, மருத்துவக் கட்டுரைகளுக்கு இயந்திரத்தின் துணையால் அட்டவணை தயாரிக்க முடியுமா என்ற ஆராய்ச்சியும் அதே வெல்ச் நூலகத்தில்தான் நடந்தது. அதன் பயனாகவும் பிற முயற்சிகளின் பயனாகவும், 1964இல் தேசிய மருத்துவ நூலகத்தின் அட்டவணை கணினிக்கு மாறியது. 1971இல் மெட்லைன் என்னும் நேரடித் தேடல் முறை பிறந்தது. 1997இல் பப்மெட் என்ற பெயரில் அது உலக மக்கள் யாவருக்கும் கட்டணமின்றித் திறந்துவிடப்பட்டது.

கணினிக்கு மாறியபோது புதியவை உள்ளே சென்றன. பழையவை பெரும்பாலும் அச்சுத் தொகுதிகளிலேயே தங்கிவிட்டன. கணினித் தேடலுக்கு எந்தப் பல்கலைக்கழகத்தில் வித்திடப்பட்டதோ, அதே இடத்தில் 2001இல் ஓர் ஆய்வாளர் அந்தக் கணினியை மட்டும் நம்பி நின்றார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

அந்நிகழ்ச்சிக்குப் பின் பல மாற்றங்கள் ஏற்பட்டன. மருந்து ஆய்வில் இறங்குபவர், நூலகரையும் மருந்தியல் வல்லுநரையும் கலந்தே முன்னாய்வு செய்ய வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது. பழைய அட்டவணைகளும் படிப்படியாகக் கணினியில் ஏற்றப்பட்டன. இன்று பப்மெட்டில் 1940களின் நடுப்பகுதி வரை பின்னோக்கித் தேட முடிகிறது. அதில் இன்று 3 கோடியே 70 இலட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. அச்சு வடிவிலான ‘இண்டெக்ஸ் மெடிக்கஸ்’ 2004ஆம் ஆண்டோடு நிறுத்தப்பட்டது.

ஒரு நோய்க்கு எத்தனை பெயர்கள்?

கணினியில் ஒரு சொல்லைத் தட்டினால் விடை வந்துவிடுமே, இதற்கென ஒரு நூலகர் எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். நம் வீட்டுப் பேச்சிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். பாட்டி ‘சர்க்கரை வியாதி’ என்கிறார். பாடநூல் ‘நீரிழிவு’ என்கிறது. சித்த மருத்துவர் ‘மதுமேகம்’ என்கிறார். மகன் ‘சுகர்’ என்கிறான். மருத்துவரோ ‘டயாபெட்டிஸ்’ என்று எழுதுகிறார். நோய் ஒன்று, பெயர்கள் ஐந்து. இவற்றுள் ஒரு பெயரை மட்டும் கொண்டு தேடுபவருக்கு, மற்ற நான்கு பெயர்களில் எழுதப்பட்டவை அகப்படாமற் போய்விடும்.

இக்குறையை நீக்கவே 1960ஆம் ஆண்டில் தேசிய மருத்துவ நூலகம் ‘மெஷ்’ எனப்படும் பொருள் தலைப்புத் தொகுதியை உருவாக்கியது. எந்தப் பெயரில் எழுதப்பட்டிருந்தாலும், ஒரே பொருளைப் பற்றிய கட்டுரைகள் யாவும் ஒரே தலைப்பின்கீழ் வந்து சேர்கின்றன. இன்று அதில் 30,000க்கும் மேற்பட்ட தலைப்புகள் உள்ளன. இத்தலைப்புகளின் கிளைகளையும் உட்கிளைகளையும் அறிந்து, எதை எங்கே எப்படிக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருப்பதே மருத்துவ நூலகரின் கலை. மருந்துக் கடையில் ஆயிரம் புட்டிகள் இருக்கலாம். வேண்டியதை எடுத்துத் தரத் தெரிந்தவர் இல்லையேல், அவற்றால் நோயாளிக்கு என்ன பயன்?

நோயாளியின் படுக்கையருகே

பல்கலைக்கழக மருத்துவ நூலகர்கள் நூலகத்தின் மேசையோடு தம் பணியை முடித்துக்கொள்வதில்லை. 1971இல் அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தின் கன்சாஸ் நகர வளாகத்தில் கெர்ட்ரூட் லாம்ப் என்னும் நூலகர் ஒரு புதிய வழக்கத்தைத் தொடங்கினார். மருத்துவர்கள் காலையில் நோயாளிகளைப் பார்வையிடச் செல்லும்போது நூலகரும் உடன்சென்றார். ஒரு நோயாளியைப் பற்றி ஐயம் எழுந்தால், அதைக் குறித்துக்கொண்டு நூலகம் திரும்பி, உரிய கட்டுரைகளைத் தேடியெடுத்து மருத்துவரிடம் சேர்ப்பித்தார். இம்முறை பின்னர் பல நாடுகளில் பரவியது.

இதனால் நோயாளிக்கு உண்மையிலேயே நன்மை விளைகிறதா? 1992இல் வெளியான ஓர் ஆய்வு இவ்வினாவுக்கு விடை தந்தது. நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் பகுதியில், தம்மிடமுள்ள ஒரு நோயாளியைப் பற்றி நூலகத்தில் தகவல் கேட்டுப் பெறுமாறு மருத்துவர்கள் வேண்டப்பட்டனர். அத்தகவல் வந்தபின் சிகிச்சையில் மாற்றம் செய்தீர்களா என்று பின்னர் அவர்களிடம் வினவப்பட்டது. விடையளித்த 208 மருத்துவர்களில் 80 விழுக்காட்டினர், ஏதேனும் ஒரு வகையில் தாங்கள் வேறு விதமாகச் சிகிச்சை அளித்ததாகவோ, அளித்திருக்கக்கூடும் என்றோ தெரிவித்தனர். சிலர் மருந்தை மாற்றினர். சிலர் நோயைப் பற்றிய தம் முடிவையே மாற்றினர். நோயாளியின் இறப்பைத் தவிர்க்க அத்தகவல் துணைபுரிந்தது என்று கூறியவர்கள் ஐவரில் ஏறத்தாழ ஒருவர்.

சிதறிக் கிடப்பவற்றை ஒன்றுசேர்ப்பதும் நூலகத்தின் பணியே. 1972இல் நியூசிலாந்து மருத்துவர்களான லிகின்ஸ், ஹோவி இருவரும், குறை மாதத்தில் பேறு நிகழும் நிலையிலுள்ள தாய்க்கு ஸ்டீராய்டு மருந்து கொடுத்தால், பிறக்கும் குழந்தையின் நுரையீரல் வலுப்பெற்று அது பிழைக்கும் வாய்ப்பு மிகுகிறது என்று கண்டறிந்து வெளியிட்டனர். அடுத்த ஆண்டுகளில் வேறு இடங்களிலும் இதே ஆய்வு நடந்தது. ஆனால் அம்முடிவுகள் தனித்தனி இதழ்களில் சிதறிக் கிடந்தன. 1980களின் இறுதியில்தான் அவை யாவும் முறையாகத் தொகுக்கப்பட்டு, பயன் ஐயமற நிறுவப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் இந்த எளிய மருந்து கிடைக்காமலேயே எத்தனையோ குறைமாதக் குழந்தைகள் மடிந்தன. அந்தத் துயரத்தை மறவாதிருக்கவே, காக்ரேன் என்னும் உலக மருத்துவத் தொகுப்பாய்வு அமைப்பு அவ்வாய்வுகளின் வரைபடத்தையே தன் சின்னமாகக் கொண்டுள்ளது. இன்று இத்தகைய தொகுப்பாய்வு எதிலும், தேடும் பணியை நூலகர் ஒருவர் முன்னின்று செய்வது சிறந்த நடைமுறையாகக் கருதப்படுகிறது.

திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகள்

மருத்துவ நூலகத்தில் நாள்தோறும் நிகழும் மற்றொரு பணி, பிழையென நிறுவப்பட்டவற்றைக் குறித்து வைப்பதாகும். நம் சமுதாயத்துக் குடும்பங்கள் யாவும் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

1998ஆம் ஆண்டு பிப்ரவரியில் இலண்டனிலிருந்து வெளிவரும் ‘தி லான்செட்’ இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்னும் மருத்துவரும் பிறரும் எழுதிய கட்டுரை ஒன்று வெளியாயிற்று. 12 குழந்தைகளை மட்டுமே அடிப்படையாகக் கொண்ட அக்கட்டுரை, தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா ஆகிய மூன்றுக்கும் சேர்த்துப் போடப்படும் தடுப்பூசிக்கும் ஆட்டிசம் என்னும் குறைபாட்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற அச்சத்தை எழுப்பியது. பிரிட்டனில் பெற்றோர் பலர் தடுப்பூசியைத் தவிர்த்தனர். தட்டம்மை மீண்டும் தலைதூக்கியது. பின்னர் பல நாடுகளில் இலட்சக்கணக்கான குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வுகள், அத்தகைய தொடர்பு எதுவுமில்லை என்று காட்டின. 2010 பிப்ரவரியில் லான்செட் அக்கட்டுரையை முற்றாகத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டில் வேக்ஃபீல்டின் பெயர் பிரிட்டன் மருத்துவர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

இப்போது அக்கட்டுரையை மருத்துவ நூலகத்தில் தேடினால் என்ன கிடைக்கும்? அது அழிக்கப்படவில்லை. ஆனால் ‘திரும்பப் பெறப்பட்டது’ என்ற அறிவிப்பு அதன் தலைமேல் தெளிவாகப் பொறிக்கப்பட்டுள்ளது. ஆகவே, ஆய்வாளர் எவரும் அறியாமல் அதில் இடறி விழ வாய்ப்பு குறைவு.

கைப்பேசியில் உலவும் செய்திகளுக்கு அத்தகைய அறிவிப்பு ஏது? 2017 பிப்ரவரியில் தமிழகத்திலும் வேறு சில மாநிலங்களிலும் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது, அத்தடுப்பூசி பற்றிய வதந்திகள் வாட்ஸ்அப்பில் விரைந்து பரவின. பெற்றோர் பலர் அஞ்சித் தம் பிள்ளைகளுக்கு ஊசி போட மறுத்தனர். ரூபெல்லா, கருவுற்ற தாயைத் தொடக்க மாதங்களில் தாக்கினால், பிறக்கும் குழந்தையின் கண், காது, இதயம் ஆகியவற்றைப் பாதிக்கவல்ல நோய் என்பதை அவ்வதந்திகள் சொல்லவில்லை. யார் எழுதியது என்றே தெரியாத நான்கு வரிகள், நூலகங்களில் குவிந்திருந்த ஆய்வுகள் அனைத்தையும் மறைத்துவிட்டன.

அர்-ராஸீ காட்டிய நெறி

கேட்டதை யாரிடமிருந்து கேட்டோம் என்று குறித்துவைக்கும் பழக்கம் மருத்துவ உலகிற்குப் புதியதன்று. கி.பி. 925ஆம் ஆண்டு வாக்கில் மறைந்த பேரறிஞர் அபூபக்ர் அர்-ராஸீ, தாம் பயின்ற மருத்துவ நூல்களிலிருந்து வாழ்நாளெல்லாம் குறிப்பெடுத்து வந்தார். இது இன்னாருடைய கருத்து என்று ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி எழுதினார். அதன்பின், ‘என்னுடையது’ என்று பொருள்படும் ‘லீ’ என்ற அரபுச் சொல்லை இட்டு, தாம் நோயாளியிடம் கண்டதைத் தனியே பிரித்து எழுதினார். பிறர் சொன்னதும் தாம் கண்டதும் ஒன்றோடொன்று கலந்துவிடலாகாது என்பதில் அத்துணைக் கவனம்! அவர் மறைந்தபின் அக்குறிப்புகள் ‘அல்-ஹாவீ’ என்னும் பெரு நூலாகத் தொகுக்கப்பட்டன.

அந்நூலின் ஒரு பகுதி, ஹிஜ்ரி 487ஆம் ஆண்டு துல்கஅதா மாதம், அதாவது கி.பி. 1094 நவம்பரில், கையால் படியெடுக்கப்பட்டது. பில்லிங்ஸ் வளர்த்த அந்த அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்திலேயே அச்சுவடி இன்று பாதுகாக்கப்பட்டு வருகிறது. அங்குள்ள நூல்கள் அனைத்திலும் பழமையானது அதுவே. ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன் எழுதியவரின் நேர்மை இன்னும் வாசிக்கக் கிடைக்கிறது என்பதே நூலகம் என்ற அமைப்பின் பெருமைக்குச் சான்று.

நம் இல்லங்களுக்கு

இவற்றால் நாம் பெறும் பாடம் யாது? உடல்நலம் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட ஓர் அமானிதம். அதைப் பற்றிய எந்தச் செய்தி வந்தாலும், அதை நம்புவதற்கும் பிறருக்கு அனுப்புவதற்கும் முன்னர், மருத்துவ நூலகர் கேட்கும் வினாக்களை நாமும் கேட்போமாக. இதைச் சொன்னவர் யார்? எந்த ஆண்டில் சொன்னார்? எத்தனை பேரிடம் சோதித்துச் சொன்னார்? பிறர் அதைச் சரிபார்த்தனரா? பின்னர் அது திரும்பப் பெறப்பட்டதா? இந்த ஐந்து வினாக்களுக்கும் விடை தெரியாத செய்தியை வைத்துக்கொண்டு, தாய்க்கு மருந்தை நிறுத்துவதும் பிள்ளைக்கு ஊசியை மறுப்பதும் அறிவுடைமை ஆகாது.

பப்மெட் தளம் யாவருக்கும் பொதுவானது. கைப்பேசியிலேயே திறந்து பார்க்கலாம். ஆங்கிலம் அறிந்த நம் பிள்ளைகளை அதில் தேடிப் பார்க்கப் பழக்குங்கள். பொதுமக்களுக்குப் புரியும் நடையில் நோய்களையும் மருந்துகளையும் விளக்கும் ‘மெட்லைன்ப்ளஸ்’ என்னும் தளத்தையும் அதே தேசிய நூலகம் 1998 முதல் நடத்தி வருகிறது. அங்குப் படித்ததைக் குறித்துக்கொண்டு சென்று மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை. நல்ல மருத்துவர் அதை வரவேற்பார். ஆனால் படித்த துணிவில் நாமே மருந்தைத் தொடங்குவதோ நிறுத்துவதோ பெருந்தவறு. தேடக் கற்றவர்களே பால்டிமோரில் இடறினார்கள் என்பதை மறந்துவிடலாகாது.

மருத்துவமும் செவிலியமும் மருந்தாளுமையும் பயிலும் நம் பிள்ளைகளுக்கு இன்னொரு செய்தி. விலை மிகுந்த ஆய்விதழ்களை மாணவர்கள் படிக்க வகை செய்யும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்னும் திட்டத்தை இந்திய அரசு 2025 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களில் பயில்வோருக்கு, 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களைப் படிக்கும் வாய்ப்பு இதனால் உண்டாயிற்று. தேர்வுக்குரிய குறிப்புகளோடு நின்றுவிடாமல், தம் கல்லூரி நூலகரை அணுகி, இவ்விதழ்களில் தேடும் முறையை முதலாண்டிலேயே கற்றுக்கொள்ளுமாறு அவர்களைத் தூண்டுங்கள். பட்டப்படிப்பு முடித்த பிள்ளைகளுக்கு நூலக அறிவியலும் ஒரு நல்ல துறையாகும். அமைதியும் ஒழுங்கும் தேடலில் ஆர்வமும் உள்ள நம் பெண்மக்கள் பலருக்கு அது மிகவும் பொருந்தும். மருத்துவர் ஆனால்தான் உயிர் காக்க முடியும் என்பதில்லை.

அந்த 24 வயதுப் பெண்ணுக்குச் சேர வேண்டிய எச்சரிக்கை, அவர் பிறப்பதற்கு முன்பே அச்சாகியிருந்தது. அதை எடுத்துக் கொடுக்க ஒரு கை இல்லாமற் போயிற்று. அடுத்த முறை மருத்துவக் கல்லூரி வளாகத்தின் வழியே செல்லும்போது, நோயாளிகள் எவரும் எட்டிப் பார்க்காத அந்த நூலகக் கட்டடத்தை ஒரு கணம் நின்று பாருங்கள். உள்ளே அமர்ந்து ஏடுகளையும் கணினியையும் புரட்டிக்கொண்டிருப்பவரும் நம் உயிரைக் காப்பவர்களுள் ஒருவரே.